குருத்தணு தானம்

எலும்பு மஜ்ஜையிலுள்ள குருத்தணுக்களே நமது இரத்தத்தை ஓயாது உற்பத்தி செய்கின்றன. அவை பழுதுற்றோர்க்குப் பிறருடைய அணுக்களை ஏற்றும் சிகிச்சையை வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரி 1986 முதல் செய்துவருகின்றது. ஆயின், அணுக்கள் பொருந்தவேண்டும். உடன்பிறந்தார் பொருந்துதற்கும் நாலில் ஒரு பங்கே வாய்ப்பு. அடுத்தபடியாக, ஒரே வமிசவழியினரிடமே பொருத்தம் கிட்டுதல் எளிது. ஆதலின் இது நம்மவர் பொறுப்பாகின்றது. கலியாணத்திற்குப் பத்துப் பொருத்தம் பார்க்கும் நாம் இப்பொருத்தத்தை நினைத்தோமில்லை!

தேகம் தளருமெனப் பெற்றோர் அஞ்சுகின்றனர். கொடுத்த அணுக்கள் சில வாரங்களில் மீண்டும் ஊறிவிடும். சர்க்கரை வியாதிக்கும் பக்கவாதத்திற்கும் குருத்தணுவே மருந்தென விளம்பரம் செய்வோரை நம்பி நிலத்தை விற்றலன்றோ அஞ்சத்தக்கது? அவை இன்னும் பரீட்சையிலேயே உள்ளன.

சென்னையில் 2009இல் தோன்றிய தாத்ரி என்னும் பதிவகத்தில், பதினெட்டு வயது நிரம்பிய நம் வாலிபர்கள் பெயர் பதியவேண்டுகிறோம். உட்கன்னத்தைப் பஞ்சினால் துடைத்தெடுப்பதே முதற்சோதனை.