வீட்டிலே கட்டிய விமானம்

கைத்திறனுள்ள எவரும் தம் வீட்டிலேயே விமானம் கட்டலாம் என்று நம்பியவர் பிரான்சு நாட்டினரான ஆன்ரி மின்யே. ‘வானத்துப் பேன்’ எனப் பெயர்பெற்ற அவரது சிறு விமானம் 1933ஆம் ஆண்டிலே பறந்தது. அதன் உடற்பகுதி, மரச்சட்டங்களின்மீது மெல்லிய ஒட்டுப்பலகை பொருத்திச் செய்யப்பெற்ற நீண்ட பெட்டியே. செய்முறையை விளக்கி 1934இல் அவர் நூலொன்று வெளியிடவே, பிரான்சிலும் பிரித்தானியாவிலும் பலர் அதனைக் கட்டலாயினர்.

ஆனால், விபத்துக்கள் நேர்ந்தன; உயிர்கள் பலியாயின. 1936இல் காற்றுச் சுரங்கத்திற் சோதித்தபோது காரணம் புலனாயிற்று. முன்னும் பின்னுமாக அமைந்த இரு சிறகுகளும் ஒன்றன் காற்றோட்டத்தை மற்றொன்று பாதித்தன. ஆகையால், தலைகீழாகப் பாயத் தொடங்கிய விமானத்தை நிமிர்த்த இயலாது போயிற்று.

பெட்டியைப் பிசகின்றிப் பொருத்தியவனும் இவ்வாபத்துக்குத் தப்பவில்லை. கட்டுபவன் கைத்திறன் ஒருபுறம் இருக்க, அவன் கையிலுள்ள வரைபடமும் முன்னரே சோதனையில் தேறியிருத்தல் வேண்டும்.