கண் பழகினால் கை வரும்
(ஆசிரியர்களுக்கான ஓவியப் பயிற்சியில் ஆற்றிய உரை)



'எனக்கு வரையவே வராது' என்று நம்மில் பலர் சொல்கிறோம். அழகாக எழுதும் கைக்குக் கோடு போடத் தெரியாமல் போகாது. தடை கையில் இல்லை, பார்வையில் இருக்கிறது. டம்ளரின் வாய் வட்டம் என்று மனம் அறியும். மேசைமேல் இருக்கும்போது கண்ணுக்குத் தெரிவதோ நீள்வட்டம். தெரிவதை விட்டுவிட்டு அறிந்ததை வரைகிறோம்.

அமெரிக்க ஓவிய ஆசிரியை பெட்டி எட்வர்ட்ஸ் 1979இல் வெளியிட்ட நூலில் இதற்கு ஒரு வழி தந்தார். ஒரு கோட்டுப் படத்தைத் தலைகீழாக வைத்து, பார்த்து வரையச் சொன்னார். அப்போது மூக்கு, கை என்ற பெயர்கள் மறைந்து கோடும் வளைவும் மட்டுமே தெரியும். வல மூளை, இட மூளை என்ற அவரது விளக்கத்தை இன்றைய அறிவியல் அப்படியே ஏற்பதில்லை. ஆனாலும் பயிற்சி பயன் தருகிறது.

இன்னொரு பயிற்சி, இடைவெளியை வரைவது. அடையாறு ஆலமரத்தின் முன் நின்றால் விழுதுகளைக் கண்டு மலைப்போம். இரண்டு விழுதுகளுக்கு நடுவே தெரியும் வெளிச்சத்தின் வடிவத்தை மட்டும் வரையுங்கள்; விழுது தானாக உருவாகும். மயிலாப்பூர்க் குளக்கரையிலிருந்து கபாலீசுவரர் கோயில் கோபுரத்தை வரைபவரும் அதை ஒட்டிய வானத்திலிருந்து தொடங்கலாம்.

கரும்பலகையில் மலரின் நீள்வெட்டுத் தோற்றத்தை வரைய வேண்டியவர்கள் நாம். 'எனக்கு வராது' என்று நாம் சொன்னால், மாணவரும் தம்மைப் பற்றி அதையே சொல்லப் பழகுவார். நாளை ஒரு செம்பருத்திப் பூவை மேசைமேல் வையுங்கள். மாணவரோடு அமர்ந்து நீங்களும் வரையுங்கள்.