நார் கரையும், நோய் கரையாது



ஆஸ்பெஸ்டாஸ் எனும் கல்நார் ஒரே வகையல்ல. வெள்ளை, நீலம், பழுப்பு எனப் பல உண்டு. நம் கூரைத் தகட்டில் இருப்பது பெரும்பாலும் வெள்ளை. அதை நுரையீரல் கழித்துவிடும், ஆகவே தீங்கில்லை என்கிறார்கள் வியாபாரிகள்.

இதில் பாதிதான் உண்மை. கனடாவின் கியூபெக் மாநிலத்தில் வெள்ளைக் கல்நார் வெட்டிய தொழிலாளர்களின் நுரையீரல்களை, அவர்கள் இறந்தபின் சோதித்தார்கள். தாதுவில் சிறிதளவே கலந்திருந்த டிரெமோலைட் என்ற நார், வெள்ளை நாரைவிட அதிகமாகக் கிடைத்தது. வெள்ளை நார் உடைந்து கரைகிறது; டிரெமோலைட், நீலம், பழுப்பு ஆகியவை பல்லாண்டு தங்குகின்றன. ஆனால் கொளுத்தியவன் ஓடிவிட்டால் வீடு எரியவில்லை என்றாகுமா? எல்லா வகைக் கல்நாரும் புற்றுநோய் தரும் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் முடிவு.

நோய் தலைகாட்ட 20, 30, 40 ஆண்டுகள்கூட ஆகலாம். அதற்குள் நாம் ஊர் திரும்பியிருப்போம். அன்று நுரையீரலில் நார் இல்லாமல் போகலாம். கையில் காகிதம் இருக்கவேண்டும். கல்நார்த் தொழிலாளியின் உடல்நலப் பதிவேட்டை, வேலையில் சேர்ந்து 40 ஆண்டுகள் அல்லது வேலையை விட்டு 15 ஆண்டுகள், எது பிந்தியதோ அதுவரை காக்கவேண்டும் என 1995-இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. அதைக் கேட்டு வாங்குங்கள். சம்பளச் சீட்டையும் ஈ.எஸ்.ஐ. அட்டையையும் பத்திரப்படுத்துங்கள். நமக்கு அவைதாம் சாட்சி!