வீட்டுத் தோட்டத்தில் பெருந் தர்ப்பூசணியும் அதன் மகரந்தக் கலப்பும்



அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கங்களில் ஏரிப் பாசன நிலங்களிற் பெரும்பாகம் வீட்டு மனைகளாகிவிட்டது. ஆயினும் வீட்டின் பின்புறத்தில் இரண்டொரு கொடி படர இடமுள்ளவர் அநேகர். அவ்விடத்தில் தர்ப்பூசணியைப் பெரிதாக விளைவிக்கக் கூடும். 2013ஆம் வருஷத்தில் அமெரிக்காவின் டென்னஸி மாகாணத்தில் ஒரு காய் 159 கிலோ நிறை இருந்தது. அவ்வளவை இங்கே எதிர்பார்ப்பது வீண். பெங்களூர்த் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தாரின் அர்க்கா மாணிக் என்னும் ஜாதி சுமார் 6 கிலோ எடையுள்ள காயைக் கொடுக்கும்; ஒரு குடும்பத்துக்கு அதுவே பெரிது.

மழை ஓய்ந்தபின் தை மாதத்தில், மக்கிய தொழுவுரம் இட்ட குழிகளில் விதை ஊன்றலாம். நீர் தேங்கலாகாது. கொடியின் அடியில் உண்டாகும் முதற் பிஞ்சைக் கிள்ளிவிட்டு, மேலே உண்டாகும் பிஞ்சுகளில் நல்லதொன்றை மாத்திரம் நிறுத்தவேண்டும். பிஞ்சைக் கிள்ள மனம் வராதவர் பெருங்காய் காண்பது அரிது.

ஒரே கொடியில் ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனியே தோன்றும். பெண் பூவின் அடியில் சிறு பிஞ்சு இருக்கும். பூ காலையில் விரிந்து அன்றே வாடிவிடும். மகரந்தம் பிசுபிசுப்பானது, காற்று அதைக் கொண்டுபோகாது, தேனீயே கொண்டுபோகவேண்டும். தேனீ வாராத தோட்டத்தில், விடியற்காலையில் புதிதாய் விரிந்த ஆண் பூவைப் பறித்து, இதழ்களைக் களைந்து, பெண் பூவின் சூல்முடியில் மெல்லத் தடவவேண்டும். சூல்முடிக்கு மூன்று பிரிவுகள் உண்டு. மூன்றிலும் மகரந்தம் படாவிடில் காய் கோணலாகும்.

இங்கே பலர் ஒரு தவறான எண்ணம் கொண்டிருக்கிறார்கள். பெரிய ஜாதியின் மகரந்தத்தைத் தடவினால் அந்தக் காயே பெருத்துவிடும் என்பது அவர்கள் நினைப்பு. அப்படியன்று. இவ்வருஷத்துக் காய் தாய்க்கொடியின் தன்மையையே காட்டும். கலப்பு அதன் விதைக்குள் அடங்கியிருந்து, மறுபருவத்துக் கொடியிலேதான் வெளிப்படும். அக்கொடிகள் ஏறக்குறைய ஒரே சாயலாயிருக்கும். அவற்றின் விதையை மீண்டும் விதைத்தாலோ பலவிதமாகப் பிரிந்துபோகும். கடையில் வாங்கிய ஒட்டுவிதைப் பழத்தின் விதையைச் சேர்த்துவைப்பவர் ஏமாறுவது இதனாலேயே. அர்க்கா மாணிக்கும் அமெரிக்காவின் கிரிம்சன் ஸ்வீட் ஜாதியோடு கலந்து உண்டாக்கியதே. ஆனால் பல தலைமுறை பொறுக்கியெடுத்து நிலைப்படுத்தியபடியால், தூய்மையாய்க் காத்தால் அதன் விதை மாறாது.

அந்தத் தூய்மை அங்கத்தினர் யாவரையும் பொறுத்தது. ஒருவர் அறியாமல் வழங்கிய கலப்பு விதையால் பத்து வீட்டாரின் ஒரு பருவம் பாழாகும். சான்று விதைக்கு இரு ஜாதிகளுக்கிடையே 500 மீட்டர் இடைவெளி வேண்டுமென்பது விதி. நெருங்கிய தெருக்களில் அது நடவாது. ஆகையால் விதைக்கு விடும் பூக்களை, ஆணும் பெண்ணும், முந்திய மாலையிலேயே காகிதப் பையால் மூடவேண்டும். சில ஜாதிகளில் பிஞ்சுள்ள பூவிலும் மகரந்தத் தாள்கள் இருக்கும். வேறு ஜாதியோடு கலப்பதானால் அவற்றை மொட்டிலேயே களைவது அவசியம். காலையில் மகரந்தம் தடவியபின் பையை மீண்டும் மாட்டி, காம்பில் நூல் கட்டித் தேதி எழுதவேண்டும்.

காய்க்கு எதிரேயுள்ள பற்றுச்சுருள் காய்ந்து, தரையைத் தொட்ட பக்கம் மஞ்சளித்தால் பழுத்ததென்று அறியலாம். முதிருங் காலத்தில் நீரைக் குறைப்பது நன்று. காய்ந்த மண்ணில் திடீரென மிகுதியாய்ப் பாய்ச்சினால் காய் வெடிக்கும். விதையைக் கழுவி நிழலில் உலர்த்தி, ஜாதிப் பெயரும் வருஷமும் எழுதிய சீட்டுடன் ஈரமற்ற ஜாடியிலிட்டுச் சங்கத்தில் ஒப்புவிக்கலாம்.