வாக்குக் கேட்பவரிடம் வணிகர் கற்க வேண்டியது
(செண்டாயானில் நடைபெற்ற ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இளைய வணிகர்களுக்கு விற்பனை பற்றி நாலு வார்த்தை சொல்லும்படி செயலாளர் கேட்டுக்கொண்டார். நான் பட்டம் பெற்றவன் அல்லன். இந்தப் பக்கத்துத் தோட்ட லயத்தில் பிறந்து, பால்வெட்டுத் தொழிலாளரின் மகனாக வளர்ந்து, பிறகு மளிகைக் கடை வைத்துப் பிழைத்தவன். எனக்கு விற்பனை கற்பித்தவர்கள் தேர்தல் வேட்பாளர்கள். சிரிக்க வேண்டாம், காரணம் சொல்கிறேன்.

முதல் பாடம், அடையாளம். 1955 ஜூலையில் மலாயாவில் நடந்த முதல் பொதுத் தேர்தலில் கூட்டணிக் கட்சி 52 இடங்களில் 51ஐப் பிடித்தது. அதன் சின்னம் பாய்மரக் கப்பல். எழுதப் படிக்கத் தெரியாத வாக்காளரும் கப்பலைக் கண்டுகொள்வார். பின்னாளில் தேசிய முன்னணிக்குத் தராசு வந்தது. நம் கடைகளின் பெயர்ப் பலகைகளைப் பாருங்கள். முதலாளியின் பெயர், தகப்பனார் பெயர், எட்டு வகைத் தொழில்கள் எல்லாம் இருக்கும். என்ன விற்கிறோம் என்பது மட்டும் தெரியாது.

இரண்டாவது, யாரிடம் பேசுவது என்று அறிதல். நம் நாட்டுக் கட்சித் தொண்டர்கள் வாக்காளர் பட்டியலை வெள்ளை, கறுப்பு, சாம்பல் என்று மூன்றாகப் பிரிப்பார்கள். வெள்ளை நம்மவர், கறுப்பு எதிரணியினர், சாம்பல் இன்னும் முடிவு செய்யாதவர். உழைப்பில் பெரும்பகுதி சாம்பலுக்குத்தான். நானோ வெகுகாலம் என் கடைக்கு வரவே போகாதவர்களைத் துரத்திக்கொண்டிருந்தேன். மாதாமாதம் வருகிறவர்களுக்கு ஒரு வணக்கம்கூடச் சொல்லவில்லை.

மூன்றாவது, தாள்கள் சரியாக இருத்தல். 2018 பொதுத் தேர்தலில் பக்கத்து ரந்தாவ் சட்டமன்றத் தொகுதியில், நுழைவுச் சீட்டு கையில் இல்லை என்று ஒரு வேட்பாளர் வேட்புமனு மையத்துக்குள் விடப்படவில்லை. மற்றவர் போட்டியின்றி வென்றார். வழக்கு நடந்து, அந்த வெற்றி செல்லாது என்றாகி, 2019 ஏப்ரல் 13இல் இடைத்தேர்தல் வந்தது. யார் பக்கம் நியாயம் என்பது நம் பேச்சல்ல. ஆனால் உரிமம் புதுப்பிக்க மறந்த கடைக்காரருக்கு வழக்காட நேரமும் இராது, காசும் இராது.

இவையெல்லாம் சிறிய பாடங்கள். பெரிய பாடத்தை நமக்கு விட்டுச் சென்றவர் துன் சம்பந்தன் அவர்கள்.

1950களின் பிற்பகுதியில் வெள்ளைக்கார முதலாளிகள் தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்பினார்கள். வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாக்கி விற்றார்கள். தோட்டத் துண்டாடல் என்று பெரியவர்கள் பெருமூச்சுடன் சொல்வார்களே, அதுதான். வேலையும் லயத்து வீடும் ஒரே நாளில் போகும் நிலை. அப்போது ம.இ.கா.வின் தலைவராகவும் அமைச்சராகவும் இருந்த சம்பந்தன், 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளரின் பணத்திலேயே தோட்டம் வாங்கலாம் என்றார். மாதம் பத்து வெள்ளியாகக் கட்டி நூறு வெள்ளிப் பங்கு பெறலாம் என்றார். தோட்டம் தோட்டமாகச் சென்று வாக்குக் கேட்பது போலவே கேட்டார்.

அன்றைய கூலியில் பத்து வெள்ளி சின்னத் தொகை அல்ல. கண்ணில் காணாத ஒன்றுக்காகக் கேட்ட பணம். ஆனால் 1961இலேயே கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தைச் சங்கம் வாங்கியது. சொன்னதைக் கண்ணுக்கு முன் காட்டியாயிற்று. அதன்பின் எந்த விளம்பரம் வேண்டும்? அடுத்தடுத்துத் தோட்டங்கள் வந்தன, உறுப்பினர்கள் பல்லாயிரமாகப் பெருகினார்கள். துன் 1979இல் மறைந்தார். அவர் பெயர் தாங்கிய விஸ்மா துன் சம்பந்தன் கட்டடம் கோலாலம்பூரில் நிற்கிறது.

இனி, சொல்லக் கூச்சமான ஒன்று. 1990களில் நான் ஒரு நேரடி விற்பனைத் திட்டத்தில் சேர்ந்தேன். வேட்பாளரிடம் கற்ற வித்தையெல்லாம் கைகொடுத்தது. லயம் லயமாகப் போனேன், பெயர் சொல்லி அழைத்தேன், குழந்தையைத் தூக்கிக் கொஞ்சினேன். பக்கத்து வீட்டு அக்கா ஒருவர், என்னைச் சிறு வயதில் இடுப்பில் சுமந்தவர், தம் சேமநிதிப் பணத்திலிருந்து எடுத்துத் தந்தார். "தம்பி, நீ சொன்னா சரிதான்" என்றார். திட்டத்தைப் பற்றி அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. நானும் நிறுவனத்திடம் கேட்கவில்லை. ஓராண்டில் அது கதவை மூடியது.

அக்கா என்னைத் திட்டவில்லை. கடைக்கு வருவதை மட்டும் நிறுத்தினார். கடை வாசலைக் கடந்து அடுத்த கடைக்கு அவர் நடந்து போவதை நாள்தோறும் பார்த்துக்கொண்டிருந்தேன். மாதம் கொஞ்சமாக அந்தப் பணத்தைத் திருப்பிக் கொடுக்க ஆறு ஆண்டு ஆயிற்று. கடைசித் தவணை கொடுத்த மறுவாரம் அவர் கடைக்கு வந்து அரைக் கிலோ சீனி வாங்கினார். என் தொழிலில் அதைவிடப் பெரிய வியாபாரம் நான் செய்ததில்லை.

அன்பர்களே, நாம் பிறந்த லயங்கள் இருந்த இடத்தில் இன்று ஸ்ரீ செண்டாயான் நகரம் எழுந்திருக்கிறது. பேரங்காடிகளும் வந்துவிட்டன. விலையில் அவர்களோடு நாம் போட்டியிட முடியாது. வாடிக்கையாளரின் பெயர் தெரிந்திருப்பதுதான் நம் முதல். அந்த முதலை ஒரு முறை தவறாகச் செலவழித்தால் மீட்பது எத்தனை கடினம் என்பதற்கு நானே சாட்சி.

வேட்பாளர் ஐந்தாண்டுக்கு ஒரு முறை வந்தால் போதும். கடைக்காரன் மறுநாள் காலையும் அதே முகங்களைப் பார்த்தாக வேண்டும். அறநிதியமும் அப்படித்தான். கைநீட்டிக் கேட்பவர் கணக்கைக் காட்டவும் வேண்டும். கேட்கத் தயங்காதீர்கள்.

தமிழில் வாக்கு என்றால் ஓட்டும் அதுதான், கொடுத்த சொல்லும் அதுதான். முதலாவதைப் பெறும் வழியை வேட்பாளரிடம் கற்றுக்கொள்ளுங்கள். இரண்டாவதைக் காப்பாற்றும் வழியைப் புக்கிட் சீடிம் தோட்டத்திடம் கற்றுக்கொள்ளுங்கள்.