மருத்துவமனை வாயிலுக்கு அப்பால்: பெங்களூருவில் குடிநோயர் தோழமைக் குழுக்கள்

குடிநோய்க்குச் சிகிச்சை பெற்று வீடு திரும்பும் ஒருவர் அன்று மாலை எங்கே செல்வார்? மதுவிலக்கைப் பற்றியும் ஆயத்தீர்வை வருவாயைப் பற்றியும் நம் நாட்டில் எழுதப்பட்டவை ஏராளம். இந்தச் சிறு வினா மட்டும் நிர்வாகத்தின் கவனத்தைப் போதிய அளவு பெறவில்லை. மனநல மருத்துவத்தில் தலைசிறந்த நிம்ஹான்ஸ் நிறுவனம் அமைந்திருப்பதால், பெங்களூரு நகரை வைத்து இதனை ஆராய்வது பொருத்தமாகும்.

சமூக நீதி அமைச்சகத்தின் சார்பில் எய்ம்ஸ் நிறுவனம் நடத்திய ஆய்வின் அறிக்கை 2019ஆம் ஆண்டில் வெளிவந்தது. மதுவினால் துன்புற்று உதவி தேவைப்படும் நிலையில் இருப்போர் ஏறத்தாழ 5.7 கோடி என்று அது மதிப்பிட்டது. மதுவுக்கு அடிமைப்பட்டோரில் 38 பேருக்கு ஒருவரே ஏதேனும் ஒரு சிகிச்சை பெற்றதாகத் தெரிவித்தார். மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்றவர் 180 பேருக்கு ஒருவரே. படுக்கைகளின் எண்ணிக்கையைப் பெருக்குவதால் மட்டும் இவ்விடைவெளியை அடைத்துவிட இயலாது என்பது வெளிப்படை.

மருத்துவமனையின் பணி இன்றியமையாதது. நெடுநாள் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பும் சித்தப்பிரமையும் தோன்றி உயிருக்கே ஊறு நேரலாம். எனவே மன உறுதியை மட்டும் நம்பி வீட்டிலேயே நிறுத்த முயல்வதினும் மருத்துவரை அணுகுவதே முறையாகும். ஆனால் உடல் தெளிவதற்குச் சில நாட்களோ சில வாரங்களோ போதும். வேட்கை அவ்வளவு விரைவில் அகலுவதில்லை. சம்பள நாள், பழைய நண்பர்கள், வீட்டில் ஒரு பூசல், இவற்றுள் ஒன்றே மீண்டும் குடிக்கப் போதுமானது. முதற்சில மாதங்களே மிகவும் இடர் நிறைந்தவை.

இவ்விடத்தில்தான் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்னும் தோழமை அமைப்பு துணைக்கு வருகிறது. 1935ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில், பங்குச் சந்தைத் தொழிலில் இருந்த ஒருவரும் அறுவை மருத்துவர் ஒருவரும் இதனைத் தொடங்கினர். ஒரு குடிநோயர் மற்றொரு குடிநோயருக்கு உதவுவதன் வாயிலாகத் தாமும் குடியாது இருக்க முடிகிறது என்பதே அவர்கள் கண்ட உண்மை. 1957இல் இந்தியாவில் இது வேரூன்றியது. இன்று பெங்களூருவில் ஆங்கிலம், கன்னடம், தமிழ் முதலிய மொழிகளில் கூட்டங்கள் நடைபெறுகின்றன.

கூட்டம் எளிமையானது. பெரும்பாலும் மாலை வேளையில் ஒரு வாடகை அறையில் உறுப்பினர்கள் கூடுகின்றனர். ஒருவர் தம் வரலாற்றைக் கூறுகிறார். ஏனையோர் குறுக்கிடாது கேட்கின்றனர். முழுப் பெயர் கேட்கப்படுவதில்லை, வருகைப் பதிவேடு இல்லை, கட்டணமும் இல்லை. குடியை நிறுத்தும் விருப்பம் ஒன்றே உறுப்பினராவதற்கான தகுதி. புதியவருக்கு மூத்த உறுப்பினர் ஒருவர் வழித்துணையாக அமைகிறார். வேட்கை எழும் வேளையில் அவரைத் தொலைபேசியில் அழைக்கலாம். குடும்பத்தினருக்கென அல்-அனான் என்ற தனி அமைப்பு உண்டு. முதற் கூட்டம் எல்லோருக்கும் பிடித்துவிடுவதில்லை. மொழி ஒவ்வாமற் போகலாம், அறையில் பெண்களே இல்லாதிருக்கலாம். வேறு குழுக்களுக்கும் சென்று பார்த்த பின்னரே முடிவு செய்தல் நன்று. இறை நம்பிக்கை தொனிக்கும் சொற்கள் சிலருக்கு உடன்பாடாக இரா. அத்தகையோர் மனநல ஆலோசனையை நாடுதலில் தவறில்லை.

இதற்குச் சான்று உண்டா என்று பொருளியல் மாணவர் வினவுவது இயல்பே. காக்ரேன் அமைப்பு 2006இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு திட்டவட்டமான பயனைக் காணவில்லை. 2020இல் 27 ஆய்வுகளையும் 10,565 பேரையும் உள்ளடக்கி வெளிவந்த புதிய தொகுப்போ, இத்தோழமையில் முறையாகச் சேர்ப்பிக்கும் சிகிச்சை, தொடர்ந்து குடியாதிருப்பதில் ஏனைய சிகிச்சைகளை விட மேம்பட்டது என்று கண்டது. மருத்துவச் செலவும் குறைய வாய்ப்புண்டு எனக் கூறியது. 'முறையாகச் சேர்ப்பிக்கும்' என்ற சொற்கள் கவனத்திற்குரியவை. முகவரியைச் சொல்லி அனுப்புவது வேறு. உடன் அழைத்துச் சென்று அறிமுகம் செய்துவைப்பது வேறு.

திட்டமிடுவோர்க்குச் சற்று விந்தையாகத் தோன்றும் செய்தி ஒன்றுண்டு. இவ்வமைப்பு வெளியார் நன்கொடை எதனையும் ஏற்பதில்லை. அரசு மானியமும் இதில் அடங்கும். கூட்டத்தில் உறுப்பினர்கள் தாமே இடும் காசுகளைக் கொண்டே வாடகை செலுத்தப்படுகிறது. மானியம் கோராத அமைப்பை எத்தலைப்பின் கீழ்ச் சேர்ப்பது என்று தெரியாமலேயே கோப்புகள் அதனை மறந்துவிடுகின்றன போலும்!

ஆயினும் அரசு செய்யக்கூடியவை உள. சிகிச்சை முடிந்து அனுப்பும்போது மருந்துச் சீட்டுடன், நோயாளியின் வீட்டிற்கு அண்மையில் அவர் மொழியில் கூடும் குழுவின் இடமும் நேரமும் எழுதித் தரப்படலாம். உறுப்பினர் ஒருவர் அதற்கு முன்பே சிகிச்சைப் பிரிவுக்கு வந்து அவரைக் காண இசைவு தரலாம். பள்ளி வேளை முடிந்தபின் ஓர் அறையைக் குறைந்த வாடகைக்கு விடலாம். 14446 என்ற போதை மீட்பு உதவி எண்ணிலும், 2022இல் தொடங்கப்பட்ட டெலி-மனாஸ் சேவையின் 14416 என்ற எண்ணிலும் பதிலளிப்போரிடம் இக்குழுக்களின் பட்டியல் இருத்தல் வேண்டும்.

அலுவலக மேலதிகாரியின் பங்கு இதனினும் நுட்பமானது. 1964ஆம் ஆண்டின் மத்தியக் குடிமைப் பணி நடத்தை விதிகளில் 22ஆவது விதி, பணியின்போது மதுவின் ஆளுகையில் இருத்தலைத் தடை செய்கிறது. சிகிச்சை பெறுவதையோ கூட்டத்திற்குச் செல்வதையோ அது தடுக்கவில்லை. எனினும், வெளியே தெரிந்தால் பதவி உயர்வு போய்விடும் என்ற அச்சத்தால் ஊழியர் நோயை மறைக்கிறார். நோய் முற்றிய பின்னரே கோப்பு மேலதிகாரியின் மேசைக்கு வருகிறது. மாலை ஆறு மணிக்கு ஊழியர் ஒருவர் தவறாது புறப்பட விரும்பினால், காரணம் கேளாமல் அனுமதிப்பதற்குப் புதிய ஆணை எதுவும் தேவையில்லை.