பாம்பு முட்டையும் பள்ளிப் பிள்ளைகளும்



சப்ரகமுவத் தோட்டங்களிலே, தேயிலை மலைக்கும் இறப்பர்க் காட்டுக்கும் நடுவே வாழும் நம்மவர், வெள்ளிக்கிழமைகளில் புற்றுக்குப் பால் வார்த்து, கோழி முட்டை ஒன்றையும் வைத்து வணங்குவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதே கைகள் மறுநாள் எருக்குழியிலே பாம்பு முட்டைகளைக் கண்டால் தடியைத் தேடுவதையும் பார்த்திருப்பீர்கள். பாம்புக்குக் கோழியின் முட்டையைக் கொடுக்கிறோம். பாம்பின் முட்டையையோ உடைத்துப் போடுகிறோம்.

வணங்குவதும் உடைப்பதும் பெரியவர்களின் செயல்கள். பிள்ளைகளுக்கு வேறோர் ஆசை உண்டு. அந்த முட்டையைப் பொரிக்க வைத்துப் பார்க்க வேண்டும் என்பதே அது. அவ்வாசைக்கு ஒருமுறை நானும் உடந்தையானேன். அதனால் நேர்ந்ததையும், அதிலிருந்து நான் கற்றதையும் இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன்பு, இரத்தினபுரி மாவட்டத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றில் நான் ஆசிரியனாக இருந்தேன். ஒரு நாட்காலை, எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் சட்டையின் முன்பக்கத்தைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு வந்து நின்றான். உள்ளே பதினொரு முட்டைகள். வெண்ணிறமானவை, ஓடு கடினமாக இல்லாமல் பதனிட்ட தோலைப் போல மெத்தென்று இருந்தது. மாட்டுப்பட்டியின் எருக்குவியலுக்குள் அவை ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன என்றும், தகப்பனார் மண்வெட்டியை ஓங்குமுன் தான் அள்ளிக்கொண்டு ஓடிவந்ததாகவும் சொன்னான்.

நான் கலைப் பட்டதாரி. வரலாறு கற்பிப்பவன். அடைகாத்தலைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் வீட்டுக் கோழியிடம் கண்டதுதான். அந்த அறிவைக் கொண்டே வழி சொன்னேன். முட்டைகளைப் பிரித்தெடுத்தோம், பீலித் தண்ணீரில் கழுவினோம், பிஸ்கட் தகரம் ஒன்றில் உலர்ந்த மணலைப் பரப்பி அதன்மேல் அடுக்கினோம், வெயில் விழும் சன்னலில் வைத்தோம். கோழி தன் முட்டையைப் புரட்டுவது போல நாள்தோறும் புரட்டியும் விட்டோம். மூன்றாம் வாரத்தில் முட்டைகள் சுருங்கின. பின்னர் நாறத் தொடங்கின. ஒன்றைக் கீறிப் பார்த்தபோது உள்ளே விரற்கடை நீளத்தில் ஓர் உயிர் உருவாகி, செத்துக் கிடந்தது. அம்மாணவன் அதை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, “சேர், அப்பா ஒரே அடியில் கொன்றிருப்பார். நாங்கள் மூன்று வாரமாகக் கொன்றோமா?” என்று கேட்டான். அக்கேள்விக்கு அன்று என்னிடம் விடை இல்லை.

விடையைப் பின்னர் தேடிப் படித்தேன். நாங்கள் செய்தவற்றுள் பெரும்பாலானவை கோழிக்குப் பொருந்துபவை, பாம்புக்குப் பகையானவை. கோழியின் கரு, முட்டையைப் புரட்டினால்தான் ஓட்டோடு ஒட்டாமல் நன்கு வளரும். பாம்பின் கருவோ, இட்ட சிறிது காலத்திற்குள் மேற்புறத்து ஓட்டின் உட்சவ்வில் பற்றிக்கொள்கிறது. அதன் பின்பு புரட்டினால், கரு கீழே அமிழ்ந்து மடிந்துபோகலாம். முட்டைகள் ஒட்டியிருந்தால் ஒட்டியபடியே விடவேண்டும். பிரித்தால் ஓடு கிழியும். மெல்லிய அவ்வோடு சுற்றியுள்ள ஈரத்தை உறிஞ்சியே பருக்கிறது. உலர்ந்த மணலோ உள்ளிருக்கும் நீரையும் வற்றச் செய்துவிடும். வெயிலில் வைத்த தகரம் நண்பகலில் அடுப்பாகி, இரவில் குளிர்ந்து போகும். எருக்குவியலின் உட்பாகமோ, மக்கும்போது எழும் வெப்பத்தால் இரவும் பகலும் இளஞ்சூடாக இருக்கும். தாய்ப்பாம்பு அறிந்து தேர்ந்த இடம் அது. நாங்கள் அறியாமல் மாற்றிய இடம் தகரப்பெட்டி.

மேனாடுகளிலே பாம்பு வளர்ப்பதைப் பொழுதுபோக்காகக் கொண்டோர் பலர். முதன்முறையாக முட்டை பொரிக்க வைப்பவர்க்கு அங்கே சொல்லப்படும் விதிகளும் இவையே. முட்டையின் மேற்புறத்தில் பென்சிலால் அடையாளமிட்டு, அப்புறம் எப்போதும் மேலேயே இருக்கும்படி வைக்க வேண்டும். ஈரம் இருக்க வேண்டும். நீர் தேங்கக் கூடாது. வெப்பம் ஏறக்குறைய 30 பாகை செல்சியசில் நிலையாக நிற்க வேண்டும். ஏறத்தாழ இரண்டு மாதம் கைகளைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டும். பொரிக்கும் நாளிலும் உதவி வேண்டியதில்லை. குஞ்சின் மூக்கு நுனியில் முட்டைப்பல் என்று ஒன்று உண்டு. அதனால் அது ஓட்டைத் தானே கீறித் தலையை நீட்டும். அப்படியே ஒரு நாளோ இரண்டு நாளோ உள்ளிருந்து, மிஞ்சிய மஞ்சட்கருவை உடலுக்குள் இழுத்துக்கொண்ட பிறகே வெளியேறும். அவசரப்பட்டு இழுத்தெடுத்தால் அது பிழைப்பது அரிது.

இந்தப் பொறுமைக்கு இலக்கணமாக இருப்பது மலைப்பாம்பு. பெரும்பாலான பாம்புகள் முட்டையை இட்டதும் போய்விடும். மலைப்பாம்போ முட்டைகளைச் சுற்றிச் சுருண்டு, அவை பொரியும்வரை காவல் கிடக்கும். 1841 இல் பாரிஸ் நகர விலங்குச்சாலையிலே மலைப்பாம்பு ஒன்று 15 முட்டைகள் இட்டு அடைகாத்தது. வலென்சியென் என்னும் அறிஞர் வெப்பமானியை வைத்து அளந்து பார்த்து, தாயின் உடல் சூழலைவிடச் சூடாக இருப்பதைக் கண்டார். அவற்றுள் 8 முட்டைகள் பொரித்தன. அந்தச் சூடு எவ்வாறு உண்டாகிறது என்பதை 1966 இல் அமெரிக்க ஆய்வாளர் விளக்கினர். வெப்பம் 33 பாகைக்குக் கீழே இறங்கினால், தாய் தன் தசைகளை விட்டு விட்டுச் சுருக்கி நடுங்குகிறது. அந்நடுக்கமே சூட்டைத் தருகிறது. குளிரில் நாம் நடுங்குவது நமக்காக. அது நடுங்குவது முட்டைகளுக்காக.

“அப்படியானால், முறையை அறிந்துகொண்டு வீட்டிலேயே பொரிக்க வைக்கலாமே!” என்று நீங்கள் கேட்கலாம். கூடாது என்பதற்கு மூன்று காரணங்கள் சொல்வேன்.

முதலாவது, சட்டம். இந்நாட்டின் 1937 ஆம் ஆண்டு 2 ஆம் இலக்கத் தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் அதன் திருத்தங்களும் மலைப்பாம்பு முதலியவற்றுக்குக் காவலாக இருக்கின்றன. அவற்றைப் பிடிப்பதும் வைத்திருப்பதும் குற்றமாகும்.

இரண்டாவது, உயிராபத்து. முட்டையைப் பார்த்து எந்தப் பாம்பென்று நம்மால் உறுதி சொல்ல இயலாது. நம் தோட்டங்களில் பலரைக் கடிக்கும் கோப்பி விரியனும், கண்ணாடி விரியனும் முட்டையிடுவதில்லை, குட்டிகளாகவே ஈனும். ஆனால் நாகமும் கட்டுவிரியனும் முட்டையிடுபவை. நாகம் முட்டையருகே காவலும் இருக்கும். அதன் குஞ்சுக்குப் பொரித்த அன்றே நஞ்சுண்டு. என் மாணவன் எருவுக்குள் கைவிட்டபோது அங்கே யார் இருந்திருக்கக்கூடும் என்று எண்ணினால், இன்றும் எனக்கு உடல் சிலிர்க்கிறது.

மூன்றாவது, வளர்த்த பின்பு என்ன செய்வது என்பது. அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் பர்மிய மலைப்பாம்புகளை வீட்டில் வளர்த்தனர். அவற்றுட் சில தப்பின. சிலவற்றை வளர்த்தோரே வெளியில் விட்டனர். எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்தில் அவை பெருகி, அங்குள்ள முயல் முதலிய சிறு விலங்குகளைத் தின்று தீர்த்தன. 2012 இல் அவற்றின் இறக்குமதி தடைசெய்யப்பட்டது, காலம் கடந்துவிட்டது. 2017 இல் அவற்றைத் தேடிப் பிடிக்கத் தமிழ்நாட்டிலிருந்து மாசி சடையன், வடிவேல் கோபால் என்னும் இருளர் இருவரை அழைத்தார்கள். தடத்தைக் கண்டே பாம்பைக் காணும் அவ்விருவரும், இரண்டு வாரத்துக்குள் 13 மலைப்பாம்புகளைப் பிடிக்க வழிசெய்தனர். 2023 இல் இந்திய அரசு அவர்களுக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. நம்மவர் பெற்ற பெருமையில் மகிழ்வோம். ஆனால் அவர்களை அழைக்க நேர்ந்த காரணத்தையும் மறவாதிருப்போம்.

ஆகவே பொரிக்கவும் வேண்டாம், உடைக்கவும் வேண்டாம். வேறென்ன செய்வது? சில ஆண்டுகள் கழித்து, கேகாலை மாவட்டத்துப் பாடசாலை ஒன்றில் நான் அதிபராக இருந்தபோது அதற்கு ஒரு வாய்ப்பு வந்தது. தேயிலை மலையின் கல்லுக்கட்டுக்குள், கவ்வாத்துச் செத்தை மூடிய இடுக்கில், முட்டைகள் கிடப்பதாகப் பிள்ளைகள் வந்து சொன்னார்கள். இம்முறை ஒருவரும் தொடவில்லை. கங்காணியாரிடம் சொல்லி, பத்தடி தள்ளி நான்கு கம்புகளை நட்டுக் கயிறு கட்டினோம். லயத்துத் தாய்மார் சண்டைக்கு வந்தார்கள். அவர்கள் அச்சம் நியாயமானது. பிள்ளையைப் பெற்றவர்களுக்குப் பாம்பு வேடிக்கைப் பொருளன்று. லயத்திலிருந்து அவ்விடம் வெகுதூரம் என்பதை எடுத்துக் காட்டினேன். வீட்டருகே இருந்தால் நானே வனசீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவித்திருப்பேன் என்றும் சொன்னேன். எலிகளைத் தின்னும் சாரையை அடித்துவிட்டு, எலிக்காய்ச்சலுக்கு மருந்து தேடி அலைகிறோமே என்பதையும் நினைவூட்டினேன். எலிக்காய்ச்சல் நம் இரு மாவட்டங்களையும் எவ்வளவு வாட்டுகிறது என்பது அவர்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. முணுமுணுத்துக்கொண்டே போனார்கள், ஆயினும் கயிற்றை எவரும் அவிழ்க்கவில்லை.

பிள்ளைகள் நாள்தோறும் மழையையும் வெயிலையும் குறித்து வைத்தார்கள். ஆறாம் வாரம் முடிந்த ஒரு காலையில், கயிற்றுக்கு வெளியே நின்றபடி, கல்லிடுக்கிலிருந்து நீண்ட சிறு தலை ஒன்றைக் கண்டார்கள். பெரிய கண், பழுப்பு நிறம். சாரைக்குட்டி என்று கங்காணியார் சொன்னார். மேலும் ஒரு வாரம் பொறுத்து, இடம் வெறுமையாயிற்று என்று கண்ட பின்பு, நீண்ட குச்சியால் ஓடுகளை வெளியே தள்ளினோம். ஒவ்வோர் ஓட்டிலும் சவரக்கத்தியால் இழுத்தாற்போன்ற கீறல்கள். இரண்டு முட்டைகள் மட்டும் பொரியாமல் கிடந்தன.

அந்த ஓடுகளுள் ஒன்று இன்றும் என் மேசையின்மீது இருக்கிறது. தகரப்பெட்டிக் காலத்து மாணவன் இப்போது ஒரு குழந்தைக்குத் தகப்பன். அண்மையில் என்னைக் காண வந்தபோது அவ்வோட்டைக் கையிலெடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “இதற்கு நீங்கள் என்ன செய்தீர்கள், சேர்?” என்று கேட்டான். “ஒன்றும் செய்யவில்லை, தம்பி, செய்ய வந்தவர்களைத்தான் தடுத்தோம்” என்றேன்.

அன்று அவன் கேட்ட கேள்விக்கும் அதுவே என் விடை. நேயர்களே, புற்றுக்குப் பால் வார்ப்பவர்கள் வார்க்கட்டும். அதோடு, முட்டை கிடக்கும் இடத்தைச் சுற்றிக் கயிறு ஒன்றும் கட்டட்டும்.